புகை இல்லாத அடுப்பு

"நாளைக் காலையில் வளவூர்க் கோட்டை வாசலில் நாவற்கிளை நடலாம் என்றிருக்கிறேன். உத்தரவு தர வேண்டும், அம்மை" என்றான் கொற்றன்.

கிளை கையில் தயாராக இருந்தது. மலையேறி வரும் வழியிலேயே வெட்டிவிட்டான். இலை வாடக்கூடாதென்று அடியில் ஈரத்துணி சுற்றியிருந்தான்.

இளநாகி கிளையைப் பார்த்தாள். 

அந்தக் காலத்தில் அப்படி ஒரு வழக்கம். வாதில் தன்னை வெல்ல ஆளில்லை என்று நம்புகிறவன் ஊர் வாசலில் நாவற்கிளை நடுவான். எதிர்க்கத் துணிந்தவன் வந்து அதைப் பிடுங்குவான். பிடுங்கிவிட்டால் வாது தொடங்கிற்று. ஒன்றை மூன்று முறை சொல்லியும் மறுமொழி சொல்லாதவன் தோற்றான். கத்தலாம், கோபப்படலாம், அழக்கூடச் செய்யலாம். வாயடைத்துப் போகக் கூடாது.

கொற்றனுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. இளநாகி அவனைவிடப் பத்து வயதாவது இளையவள். ஆனால் குன்றின் மேலிருந்த தருக்கப் பள்ளி அவளுடையது; அவன் அங்கே மூத்த மாணவன். அவன் அவளை அம்மை என்பான். அவள் அவனைக் கொற்றரே என்பாள். அந்த மரியாதைக்குள் கொஞ்சம் கேலியும் இருக்கும்.

"இதுவரை யாரையெல்லாம் வென்றீர்?"

கொற்றன் சொல்லிக்கொண்டே போனான். வணிகர் மன்றத்தில் ஒருவனை. ஆற்றங்கரைச் சத்திரத்தில் ஒரு சோதிடனை. நாள் முழுக்கப் பேசக்கூடிய ஒரு துறவியை, உச்சிப் பொழுதுக்குள்.

"கடைசியாக?"

"கடைசியாக என் மகளை."

இளநாகி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவன் உற்சாகமாகவே சொன்னான். ஆற்றுக்கு அக்கரையில் பெயர் பெற்ற தருக்க ஆசிரியர் ஒருவர். அவர் மகனுக்குத் தன் மகள் வெண்ணியைக் கொடுப்பதாகப் பேசி முடித்திருக்கிறான். வருகிற பௌர்ணமியில் கல்யாணம். அப்படிப்பட்ட சம்பந்திக்கு முன்னால் பெயரில்லாமல் போய் நிற்க முடியுமா? அதற்குத்தான் இந்த நாவற்கிளை.

வெண்ணி முதலில் மறுத்திருக்கிறாள். ஊர் தூரம் என்றாள். தூரம் குற்றமாகாது என்று நிறுவினான். முன்பின் தெரியாத ஆள் என்றாள். தெரியாததெல்லாம் தீது என்றால் பிறந்த குழந்தைக்குத் தாயும் தீதாக வேண்டுமே என்று மடக்கினான். அந்த வீட்டில் எல்லோரும் பேசுவார்கள், யாரும் கேட்கமாட்டார்கள் என்றாள். அதற்கு அவன் சிரித்துவிட்டான்.

"பிறகு, வேறு மறுப்பு உண்டா என்று கேட்டேன். பேசாமல் நின்றாள்."

"மூன்று முறை கேட்டீரா?"

"முறைப்படி."

"அதற்குப் பிறகு?"

"வீட்டில் சத்தமே இல்லை. நிம்மதியாக இருக்கிறது."

வளவூரில் அவனைப் பற்றி ஒரு கேலி உண்டு. கொற்றன் வீட்டில் குழம்புக்கு உப்புக் கேட்டால்கூட ஏது என்னும் காரணமும் எடுத்துக்காட்டும் சேர்த்துக் கேட்க வேண்டுமாம். அவன் மனைவி தோற்றுப் பல வருடம் ஆகிறது. எதைக் கேட்டாலும் தலையாட்டுவாள்.

"நெருப்புப் பாடத்தை ஒரு தடவை சொல்லும்" என்றாள் இளநாகி.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பள்ளியில் சேர்ந்த அன்றைக்கே படிக்கிற பாடம் அது. ஆனாலும் சொன்னான்.

"இந்த மலையில் நெருப்பு உண்டு. ஏனென்றால் புகை தெரிகிறது. புகை உள்ள இடத்தில் நெருப்பு இருக்கும், அடுக்களையில் போல. இந்த மலையிலும் புகை. ஆகவே இங்கே நெருப்பு உண்டு."

"அடுக்களைக்குள் எப்போதாவது போயிருக்கிறீரா?"

"எடுத்துக்காட்டுக்காகப் போவதுண்டு."

"இப்போது சாம்பலுக்காகப் போம். தட்டுத் தேய்க்க ஒரு பிடி வேண்டும்."

பள்ளியின் அடுக்களை பின்கட்டில் இருந்தது. கொற்றன் அடுப்பின் முன் குந்தினான். இளநாகி பின்னாலேயே வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுப்பு நிறைய வெள்ளைச் சாம்பல், சலித்த மாவு போல. ஓர் இழை புகை இல்லை.

"அணைந்துவிட்டதா, அம்மை?"

அவள் பேசவில்லை.

"புகையைக் காணோமே. அணைந்துதானே இருக்கிறது?"

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அள்ளலாம்தானே?"

பதில் இல்லை. கொற்றன் கையை விட்டு அள்ளினான்.

அவன் போட்ட கூச்சலில் கூரைப் புறாக்கள் எழுந்து பறந்தன. சாம்பல் கலைந்த இடத்தில் கங்கு சிவப்பாகக் கிடந்தது. இளநாகி ஓடிவந்து அவன் கையைப் பிடித்துத் தண்ணீர்ப் பானைக்குள் அமிழ்த்தினாள்.

வலி கொஞ்சம் தணிந்ததும், "கங்கு இருப்பது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"மூன்று முறை கேட்டீர். நான் மறுக்கவில்லை. நீர் வென்றுவிட்டீர், கொற்றரே."

அவன் வாய் திறந்தது. பதிலைத் தேடினான். புகை இருந்தால் நெருப்பு உண்டு. புகை இல்லாததால் நெருப்பும் இல்லை என்று ஆகிவிடாது, பழுக்கக் காய்ந்த இரும்பைப் போல. இதைப் புது மாணவர்களுக்கு அவனேதான் சொல்லிக்கொடுப்பான். மறக்காமலிருக்க வெண்பாவாகக்கூடக் கட்டி வைத்திருந்தான்.

வெண்பா நன்றாக நினைவிருந்தது.

கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டான்.

"பௌர்ணமிக்கு எத்தனை நாள் இருக்கிறது, அம்மை?"

"நாலு."

கொற்றன் கையை உருவிக்கொண்டு எழுந்தான். ஈரம்கூடத் துடைக்காமல் படியிறங்கினான்.

"கிளையை விட்டுவிட்டுப் போகிறீர்" என்று மேலிருந்து அவள் குரல் வந்தது.

திரும்பி ஏறி வந்து எடுத்துக்கொண்டான். உத்தரவு கேட்க மறந்துபோயிற்று.

வளவூரில் நுழையும்போது வெயில் சாய்ந்திருந்தது. கையில் கிளையோடு வருகிறவனைப் பார்த்து, கோட்டை வாசலில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். கொற்றன் நிற்கவில்லை. தன் தெருவுக்குள் திரும்பினான். அவர்களும் பின்னால் வந்தார்கள்.

தன் வீட்டு வாசலில் இடது கையால் குழி பறித்தான். கிளையை நட்டு, மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்தான்.

எதிர் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். ஊரில் ஆள் தீர்ந்துபோய்ச் சொந்த வீட்டையே வாதுக்கு அழைக்கிறான் என்றார். கொற்றன் திரும்பிப் பார்க்கவில்லை.

கழுநீர் கொட்ட வெண்ணி வெளியே வந்தாள். கிளையைப் பார்த்தாள். அப்பாவின் கையைப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். என்ன ஆயிற்று என்று கேட்க வாயெடுத்தவள் கேட்கவில்லை. அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

கழுநீர்ப் பானையைக் கீழே வைத்தாள்.  பிறகு குனிந்து இரண்டு கையாலும் கிளையைப் பிடுங்கினாள்.

தெருவில் சிரிப்பு நின்றது.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம், அப்பா."

ஏன் என்று கேட்பான் என்று காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"காரணம் ஒன்றும் இல்லை. அன்றைக்குச் சொன்ன மூன்றும் உங்களுக்காகச் சொன்னது. எனக்கு வேண்டாம்."

ஏது இல்லாத பேச்சு. எடுத்துக்காட்டும் இல்லை. பள்ளியில் நேற்றுச் சேர்ந்தவன்கூட அதை ஊதித் தள்ளிவிடுவான். கொற்றனின் நாக்கு நுனிக்குப் பதில் வந்துவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"வேண்டாம், அப்பா" என்றாள் மூன்றாவது முறையாக. இந்தத் தடவை குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

எதிர் வீட்டுக்காரர் கொற்றனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை.

வெண்ணி கிளையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். முழங்காலில் வைத்து முறித்து, அடுப்பில் திணித்தாள்.

பச்சைக் கிளை. கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்கப் புகை.

கொற்றன் உள்ளே வந்தான். மகள் இருமுவது கேட்டது, முகம் தெரியவில்லை. புகைக்குள்ளிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது. யாரும் அவளை ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

"மரம் மாதிரி நின்றால் எப்படிப் பற்றும்? ஊதுங்கள்."

கொற்றன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடது கையால் ஊதாங்குழலை எடுத்தான்.