கடைசி வளைவில் நின்றவள்

கோயம்புத்தூருக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. காலையில் முதல் கார் கிளம்புமுன் வெடி போட்டு மயில்களை விரட்டுவார்கள். மயில்கள் போகும், கொஞ்ச நேரத்தில் திரும்பி வரும். மருதாசலமும் அந்த ஜாதிதான். ஒவ்வொரு பந்தயத்திலும் முதல் வளைவுக்குள் நாலைந்து பேர் அவரைத் தாண்டிப் போய்விடுவார்கள். அவரும் அடுத்த பந்தயத்துக்கு வந்து நிற்பார்.

அவருக்கு நாற்பது நெருங்கியிருந்தது. பெட்ரோல் கார்களின் காலத்தில் அவர் கிளம்புகிற அழகைப் பார்க்கவென்றே ஜனம் வரும். கிளம்பச் சொல்லும் சிவப்பு விளக்கு அணைந்ததும் கிளட்சை விடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்த வருஷம் புதுவகைக் கார் வந்தது. அதில் எஞ்சினோடு ஒரு மின்மோட்டாரும் உண்டு. பிரேக் பிடிக்கும்போது வீணாகிற வேகத்தை மோட்டார் மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்க்கும். கிளம்பி வேகம் பிடிக்கும்போது அதே மின்சாரம் காரைப் பின்னாலிருந்து தள்ளிவிடும். பேட்டரி என்பது ஹார்ன் அடிக்கத்தான் என்று வளர்ந்த தலைமுறை மருதாசலத்துடையது.

அந்தப் பேட்டரியைப் பார்த்துக்கொள்ள அணியில் சேர்ந்தவள் வேதநாயகி. பவானிக்காரி. அவரைவிடப் பத்து வயதாவது இளையவள். "வாங்க குருவே" என்று அவர் கும்பிடு போட்டது முதலில் கிண்டலுக்குத்தான்.

பிறகு ஒரு நாள் அணியின் முதலாளி நாச்சிமுத்து அவரைக் கூப்பிட்டார்.

"மருது, ஞாயித்துக்கெழமையும் மொத வளைவுக்குள்ள எடத்த விட்டியினா, அடுத்த வருஷம் வண்டி வேற ஆளுக்கு. மனசுல வெச்சுக்காத."

மருதாசலம் மனசில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் போட்ட கும்பிடு கிண்டல் இல்லை.

"அம்மணி, நல்லாக் கெளம்பறது எப்புடீன்னு சொல்லிக் குடுங்க. என்ற கைல என்ன தப்பு?"

"கைல தப்பு இல்லீங்ணா."

"பின்ன எதுல?"

வேதநாயகி டேப்லெட்டை நீட்டினாள். திரை முழுக்கக் கோடுகள்.

"இந்தக் கோடெல்லாம் எனக்கு ஆகாதுங்க. நேர்ல பாத்துச் சொல்லுங்க."

"சரிங்ணா, பாக்கறேன்."

பந்தயம் தொடங்குமுன் எல்லாக் கார்களும் தடத்தை ஒருமுறை சுற்றி வந்து, கிளம்பும் கோட்டில் அவரவர் கட்டத்தில் நிற்க வேண்டும். முன்சுற்று என்பார்கள். டயர் சூடாவதற்கான சுற்று அது. பேட்டரியைப் பாதி நிரப்பித்தான் அனுப்பலாம் என்பது விதி. மிச்சத்தை அந்தச் சுற்றில் பிரேக் பிடித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டியது ஓட்டுபவர் பாடு.

மருதாசலத்தின் முன்சுற்று பேர்போனது. கடைசி வளைவுக்கு முன்னால்தான் ஜனங்கள் உட்காரும் கேலரி. அங்கே வந்ததும் பேட்டரி மின்சாரத்தைத் திறந்துவிடும் பொத்தானை அமுக்கி ஒரு சீறு சீறுவார். வளைவு நெருங்கியதும் பிரேக்கின் மேல் ஏறி நிற்பார். டயர் புகையும். மொத்தக் கேலரியும் எழுந்து விசிலடிக்கும். வடவள்ளியிலிருந்து வருகிற அவருடைய கூட்டத்துக்கு அந்த ஒரு நிமிஷம்தான் பந்தயம்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. மருதாசலம் சுற்றி வந்து கட்டத்தில் நின்றார். விளக்கு அணைந்தது, கிளம்பினார், நின்றார். மறுபடி சுற்றினார், கிளம்பினார். கிளம்பும் கோட்டுக்குப் பக்கத்தில் வேதநாயகியைக் காணோம். அவள் கடைசி வளைவில் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். கிளம்பும் கோட்டுக்கு முதுகு காட்டியபடி.

இறங்கியதும் அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, நான் கெளம்பறதப் பாருங்கன்னா, அந்தக் கடைக்கோடில போயி நிக்கறீங்க. அதும் முதுகக் காட்டிட்டு!"

"நீங்க கெளம்பறதத்தான் பாத்தேங்ணா."

"அங்க நான் எங்க கெளம்புனேன்? பிரேக்கல்ல போட்டுட்டிருந்தேன்."

"ஆமாங்ணா," என்றாள் வேதநாயகி. குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்குச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. யோசித்து யோசித்து ஒன்று பிடிபட்டது. பிடிபட்டதில் பாதிதான் சரி, ஆனால் அது அவருக்குத் தெரியாது.

சனிக்கிழமை சின்னப் பந்தயம். முன்சுற்றில் மருதாசலம் பொத்தான் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை. பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு வருகிறவர் மாதிரி காரை உருட்டி வந்து கட்டத்தில் நிறுத்தினார். விளக்கு அணைந்தது. சில்லிட்டிருந்த டயர் நின்ற இடத்திலேயே வழுக்கியது. ஒருவழியாகக் கார் ஓடத் தொடங்கியபோது பின்னாலிருந்து தள்ளவும் அதிகம் ஒன்றும் இல்லை. முதல் வளைவுக்குள் வழக்கத்தைவிட அதிகம் பேர் தாண்டிப் போனார்கள்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வேதநாயகியிடம் வந்தார்.

"கஞ்சனாட்டம் வந்தேனுங்க அம்மணி. ஒரு துளி செலவு பண்ணல. அப்பறமும் பேட்டரி ஏன் நெறையல?"

"எப்புடி வந்தீங்க?"

"உருட்டீட்டு வந்தேன்."

"அப்பறம் பிரேக்குல எதப் புடிச்சீங்க?"

மருதாசலம் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"வாங்க," என்று அவள் நடந்தாள்.

பந்தயம் முடிந்து தடம் காலியாகக் கிடந்தது. பாலக்காட்டுக் காற்று தென்னைகளை ஆட்டிக்கொண்டிருந்தது. கேலரிக்கு முன்னால் வந்ததும் அவள் நின்றாள். தார்மேல் இரண்டு கறுப்புப் பட்டைகள், வெள்ளிக்கிழமை டயர் தேய்ந்தவை.

"இது யாருதுங்ணா?"

"என்றதுதான்," என்றார். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"இத அள்ளிக் குடுங்க. பேட்டரில போட்டுர்றேன். நாளைக்குக் கெளம்பறதுக்கு வேணும்."

மருதாசலம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, கையை நீட்டியபடி நின்றாள். அவர் குனிந்தார். நகத்தால் சுரண்டியும் பார்த்தார். விரல் கறுத்ததுதான் மிச்சம்.

குனிந்தபடியே கேட்டார்: "எப்புடிப் புடிக்கோணும்?"

"எஞ்சின்லயே வெரசா வாங்க. முன்னாடியே புடிக்க ஆரம்பிங்க, மெதுவா, நீளமா. அப்பத்தான் மோட்டார் வாங்கிக்கும். ஏறி மிதிச்சா அதுக்குக் கை கொள்ளாது. ரோடு வாங்கிக்கும்."

"டயர்?"

"வெரசா வந்து நீளமாப் புடிச்சா அதும் சூடாயிரும்."

அவர் காலிக் கேலரியைக் கைகாட்டினார்.

"அவுங்க?"

"அவுங்களுக்குப் பாக்க ஒண்ணும் இருக்காதுங்ணா."

இத்தனை வருஷத்தில் அந்த விசில் இல்லாமல் அவர் ஒரு பந்தயத்தையும் தொடங்கியதில்லை. அதை அவளிடம் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கேலரி நிறைந்திருந்தது. முன்சுற்றில் அவருடைய கார் தூரத்தில் தெரிந்ததுமே வடவள்ளிக் கூட்டம் எழுந்துகொண்டது. துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார்கள். அவருடைய கட்டைவிரல் தானாகப் பொத்தானின் மேல் போய் உட்கார்ந்தது. பழகிய விரல், அதைச் சொல்லிக் குற்றமில்லை.

அவர் அமுக்கவில்லை. கேலரி தொடங்குமிடத்திலேயே பிரேக்கில் காலை வைத்தார். கார் ஒரு சத்தமில்லாமல், ஒரு புகையில்லாமல், வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தபடி அத்தனை முகங்களையும் கடந்தது. ஹெல்மெட்டுக்குள் எதுவும் கேட்காது. ஆனால் கண் தெரியும். எழுந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஒருவன் மட்டும், போ போ என்று மாட்டை ஓட்டுகிற மாதிரித் துண்டை வீசினான். மருதாசலத்துக்குக் காது கொதித்தது. இறங்கிப்போய் நாலு வார்த்தை சொல்லலாம் போலிருந்தது. காலை மட்டும் எடுக்கவில்லை.

வளைவில் வேதநாயகி குடையோடு நின்றாள். அவர் கடந்து போனதும் குடையை மடக்கிக்கொண்டு ஷெட்டைப் பார்த்து நடந்தாள். கிளம்புவதைப் பார்க்க நிற்கவில்லை.

விளக்கு அணைந்தது. கை தன் வேலையைச் செய்தது. கார் வேகம் பிடித்த நொடியில் முதுகில் யாரோ உள்ளங்கையை வைத்துத் தள்ளியது போலிருந்தது. அந்த வருஷம் முழுக்க அவர் அறியாத தள்ளல். முன்னால் நின்ற இரண்டு கார்கள் பக்கத்தில் வந்தன, பின்னால் போயின. முதல் வளைவுக்குள் யாரும் அவரைத் தாண்டவில்லை.

பந்தயத்தில் அவருக்கு நாலாம் இடம். கோப்பை இல்லை. நாச்சிமுத்து வந்து தோளைத் தட்டினார்.

"அடுத்த வருஷச் சட்டைக்கு அளவு குடுத்துரு. தொப்பையக் கொறச்சுட்டுக் குடு."

வடவள்ளிக் கூட்டமும் வேலி தாண்டி ஓடி வந்தது. "கெளம்புனீங்க பாருங்ணா! அப்புடியே பழைய மருது!" என்று துண்டு வீசியவனே கட்டிப்பிடித்துக்கொண்டான். மருதாசலம் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். வேதநாயகி காருக்குப் பக்கத்தில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மணி, அந்த வேகத்துல எனக்கு ஒண்ணுமே தெரியல. அந்த ரெண்டு பேர நான் எந்த எடத்துலீங்க தாண்டுனேன்?"

அவள் ஒயரைச் சுருட்டி முடித்து ஆணியில் மாட்டினாள்.

"கேலரிக்கு முன்னாலீங்ணா. எல்லாரும் உக்காந்தாங்களே, அங்க."