ஒரே அழுத்தில் பொட்டலம்

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு நாற்பத்திரண்டு. சீடர் குருவை மேடம் என்பார்; குரு சீடரை அண்ணே என்பார். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம், டயர்க் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸில் இது யாருக்கும் வினோதமாகப் படவில்லை.

குருவின் பெயர் ஜெபசீலி. அவரை யாரும் குருவாக நியமிக்கவில்லை. எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்லாத பழக்கத்தால் வந்த பட்டம் அது. வைத்தவன் பக்கத்து இருக்கை ஷாகுல்.

சீடர் தவசிலிங்கம். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். மவுஸைத் தொடாமலே ஒரு பத்திரிகையை முடித்துவிடுவார். அஞ்சல்வழியில் பட்டம் வாங்கி, சாயங்கால வகுப்பில் புரோகிராம் எழுதக் கற்று, இங்கே சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது. சுற்றிலும் இருப்பவர்கள் எல்லாரும் சின்னப் பிள்ளைகள். அவர்களுடைய மூளை வேகம் தனக்கு வராது என்று தவசிலிங்கத்துக்குத் தெரியும். விரல் வேகம் ஒன்றுதான் இந்த நாற்காலியில் தன்னை உட்கார வைத்திருக்கிறது என்று நம்பினார்.

அன்று காலையிலிருந்து அவர் புரோகிராம் எழுதும் எடிட்டரில் ஷார்ட்கட் கீ அமைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒரு நிமிஷம் இங்க பாருங்க."

குரு லேப்டாப்பை மடியில் வைத்தபடியே நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்.

தவசிலிங்கம் நாலைந்து வரிகளைத் தேர்ந்தெடுத்து மூன்று கீயைச் சேர்த்து அழுத்தினார். வரிகள் கொஞ்சம் உள்ளே தள்ளிப்போய் நின்றன. மேலே, 'இதைச் செய்து பார்' என்று பொருள்படும் ஒரு வரி தானாக முளைத்தது. கீழே, 'தவறு வந்தால் பிடித்துக்கொள்' என்று பொருள்படும் இன்னொரு வரி. பிடித்த தவறை என்ன செய்வது என்று எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. எல்லாவற்றையும் ஓர் அடைப்புக்குறி வந்து மூடியது.

"ஒரே அழுத்து. பொட்டலம் ரெடி."

ஷாகுல் எட்டிப் பார்த்தான். "அண்ணே, நீங்க அல்வாக் கடையில இருக்க வேண்டிய ஆளு. தீபாவளிக் கூட்டத்தை ஒத்தையில சமாளிச்சிருவீங்க."

"போடே," என்றார் தவசிலிங்கம். குருவின் பக்கம் திரும்பினார். "ஒரே ஒரு குறைதான் மேடம். மூடுற அடைப்புக்குறி ரெண்டு இடம் தள்ளி வந்து நிக்குது. அதை எப்படி நேர் பண்றது?"

குரு திரையைப் பார்த்தார். காலியாக இருந்த இடத்தையும் பார்த்தார்.

"முப்பிடாதியம்மாவுக்கு மெசேஜ் போச்சாண்ணே?"

தவசிலிங்கத்துக்குச் சுருக்கென்றது. கேட்டது என்ன, வருவது என்ன!

முப்பிடாதியம்மாள் கயத்தாறுப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து டயாலிசிஸுக்கு வருபவர். அவர் வரும் மையத்துக்குத்தான் இவர்கள் எழுதும் இந்த புரோகிராம். நாளை யாருக்கு எத்தனை மணிக்கு முறை என்று முந்தின நாளே எல்லாருக்கும் மெசேஜ் போக வேண்டும். இதுவரை ஒரு நர்ஸ் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமையிலிருந்து போன் கிடையாது, மெசேஜ் மட்டும்தான். ஒரு முறை தவறினால் அந்த அம்மாவுக்குக் கால் வீங்கும், மூச்சு வாங்கும். சோதனை ஓட்டத்தில் அவர் பெயர் வந்ததும் புரோகிராம் நின்றுபோனது. சரிசெய்யும் வேலை தவசிலிங்கத்துக்கு வந்தது.

"எர்ரர் எதுவும் வரல மேடம்."

"மெசேஜ் போச்சான்னு கேட்டேன்."

"அதான் சொல்றேன் மேடம். நேத்து வரைக்கும் அந்த இடத்துல வந்து நின்னுட்டு இருந்துச்சு. இந்த ஷார்ட்கட்ட வச்சு ஒரு சுத்து சுத்தினேன். இப்ப கடைசி ஆள் வரைக்கும் மடமடன்னு ஓடுது. அந்த இடம் மட்டும் இல்ல, சந்தேகமா இருந்த எல்லா இடத்தையும் சுத்திட்டேன்."

"சரிண்ணே," என்று சொல்லிவிட்டுக் குரு நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடைப்புக்குறிக்குப் பதில் வரவில்லை. நேராக ஒரு பதில் சொன்னால் இந்தப் பெண்ணுக்கு வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும் என்று தவசிலிங்கம் உள்ளுக்குள் பொருமினார். பத்திரிகைக் கடை முதலாளி திட்டுவார். ஆனால் திட்டு என்பதும் ஒரு பதில்தான்.

அவர் மறுபடியும் ஷார்ட்கட்டில் இறங்கினார். 'இப்படி இருந்தால்' என்று சுற்றுவதற்கு ஒன்று, 'இத்தனை முறை செய்' என்று சுற்றுவதற்கு ஒன்று. வேலை சுவாரசியமாகத்தான் போயிருக்கும், மேசைக்கு அடியில் இருந்த பெட்டி மட்டும் வாயை மூடியிருந்தால்.

கீச்.

யு.பி.எஸ். பெட்டி. காலையிலிருந்து இப்படித்தான். கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். மறந்துபோன நேரம் பார்த்துக் கீச்சிடும். காலால் ஒரு தள்ளு தள்ளினார். கீச். பட்டனை அழுத்திப் பார்த்தார். கீச்.

"மேடம், இந்தச் சனியன் உயிரை வாங்குது. வேலையே ஓட மாட்டேங்குது."

குரு எழுந்து வந்தார். இந்த முறை எழுந்தே வந்தது தவசிலிங்கத்துக்கே ஆச்சரியம்.

"என்ன பண்ணுதுண்ணே?"

"கத்துது."

"ஏன் கத்துதாம்?"

"அது யாருக்குத் தெரியும்? கத்துது. சத்தத்தை நிறுத்தினாப் போதும்."

"சத்தம் நின்னாப் போதுமா?"

"போதும் மேடம். வேற ஒண்ணும் வேண்டாம்."

குரு ஷாகுலிடம் திரும்பி, "சேவ் பண்ணிக்கோ," என்றார். ஷாகுல் பண்ணிக்கொண்டான். தவசிலிங்கம் மேசைக்கு அடியில் குனிந்திருந்தார். காதில் விழவில்லையோ, தனக்கில்லை என்று நினைத்துக்கொண்டாரோ.

புது மானிட்டர் வந்த அட்டைப்பெட்டியில் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாள் கிடந்தது. குரு அதை எடுத்துவந்து, தரையில் உட்கார்ந்து, காற்றுப் போகும் துளைகளை மட்டும் விட்டுவிட்டு யு.பி.எஸ்ஸைச் சுற்றினார். மேலே தவசிலிங்கத்தின் நாற்காலித் துண்டை மடித்துச் சுற்றி டேப் ஒட்டினார். பெட்டி உள்ளே ஒருமுறை முனகியது. கூர்ந்து கேட்டால்தான் கேட்டது. தவசிலிங்கம் கூர்ந்து கேட்கவில்லை.

"இப்ப எப்படிண்ணே?"

"தெய்வமே," என்றார் தவசிலிங்கம் மனதார. "இதை நான் காலையிலேயே பண்ணியிருக்கணும்."

"முப்பிடாதியம்மாவுக்கு மெசேஜ்..."

"எர்ரர் வரல மேடம்!" குரல் உயர்ந்துவிட்டது. உடனே தாழ்த்திக்கொண்டார். "சொல்லிட்டேன்ல மேடம்."

குரு தன் இடத்துக்குப் போனார்.

அதன்பின் அருமையான அமைதி. விரல்கள் பறந்தன. ஒவ்வொரு ஷார்ட்கட்டாகப் பட்டை தீட்டினார். அந்த இரண்டு இடம் தள்ளிய அடைப்புக்குறியைக்கூட, யார் தயவும் இல்லாமல், தானே கண்டுபிடித்து நேர் பண்ணிவிட்டார். "மேடம்!" என்று பெருமையோடு வாயெடுத்தார்.

கரண்ட் போனது.

ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. கீழே டயர்க் கடையில் யாரோ இ.பி.காரர்களைத் திட்டினார்கள். குருவின் லேப்டாப்பும் ஷாகுலின் லேப்டாப்பும் வெளிச்சமாகவே இருந்தன. தவசிலிங்கத்தின் திரை மட்டும் கறுப்பாக நின்றது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று மேசைக்கு அடியில் குனிந்தார்.

"யு.பி.எஸ். ஏன் தாங்கல? கரண்ட் போனா இது தாங்கணும்ல?"

"பேட்டரி செத்துப்போச்சுண்ணே," என்றான் ஷாகுல்.

"செத்துப்போச்சா? ஒரு சத்தம் குடுக்க வேண்டாமா? சத்தம் குடுத்திருந்தா நான் சேவ் பண்ணியிருப்பேன்ல! காலையிலேருந்து செஞ்சது அத்தனையும் போச்சு!"

சிரிக்கத் தயாராக இருந்த ஷாகுல், குருவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

தவசிலிங்கம் நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது. "நீங்கதானே மேடம் அதைச் சுத்தி வச்சீங்க! எதுக்குக் கத்துதுன்னு உங்களுக்குத் தெரியும்ல? தெரிஞ்சே சுத்துனீங்களா?"

"நீங்க சத்தம் நின்னாப் போதும்னீங்கண்ணே. நின்னுச்சு."

"அதுக்காக..."

அவர் கண் பெட்டியின் மேல் போனது. டேப் ஒட்டிய துண்டு, குமிழ்த் தாள், நாலு பக்கமும் இறுக்கமான கட்டு. நல்ல சுற்று. மூலை மடிப்புக்கூட நேராக இருந்தது.

தவசிலிங்கம் தரையில் உட்கார்ந்து டேப்பைப் பிய்த்து, துண்டை உருவி, தாளைப் பிரித்தார்.

கரண்ட் வந்ததும் பெட்டி கீச்சென்றது. அவர் காலால் தள்ளவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

புரோகிராமைத் திறந்தார். அது முன்னமே சேமித்தது; அப்படியே இருந்தது. தான் கட்டிய பொட்டலங்கள் வரிசையாக நின்றன. ஷார்ட்கட்டைத் திரும்ப அமைக்கவில்லை. முதல் பொட்டலத்துக்குப் போனார். காலியாக விட்டிருந்த இடத்தில், யாருக்குப் போகவில்லை, ஏன் போகவில்லை என்று திரையில் காட்டும்படி ஒரு வரியை எழுத்து எழுத்தாக அடித்தார். அடுத்த பொட்டலத்துக்குப் போனார். மறுபடியும் அடித்தார். கல்யாணப் பத்திரிகைக் காலத்தில்கூட அவர் இவ்வளவு மெதுவாக எதையும் அடித்ததில்லை.

"என்னண்ணே, அல்வாக் கடை ஸ்லோவா ஓடுது?" என்றான் ஷாகுல்.

தவசிலிங்கம் புரோகிராமை ஓட்டினார்.

திரையில் ஒரு சிவப்பு வரி விழுந்தது. முப்பிடாதியம்மாள் பெயர். போன் நம்பர் செல்லாது. மையத்தில் அவர் நம்பரையும் மகன் நம்பரையும் ஒரே கட்டத்தில், நடுவே ஒரு சாய்கோடு போட்டு எழுதிவைத்திருந்தார்கள். அதற்குக் கீழே இன்னொரு பெயர், இன்னொரு சாய்கோடு. அதற்குக் கீழே இன்னொன்று. சிவப்பு இறங்கிக்கொண்டே போனது. எல்லாரும் திங்கட்கிழமை வர வேண்டியவர்கள்.

காலியாக இருந்த அந்த இடத்தைத் தவசிலிங்கம் நினைத்துப் பார்த்தார். காலையிலிருந்தே இவர்கள் எல்லாரும் அதற்குள்தான் இருந்திருக்கிறார்கள்.

"மேடம்."

"சொல்லுங்கண்ணே."

"போகல."

குரு தலையைத் தூக்கினார்.

"முப்பிடாதியம்மாவுக்கு மெசேஜ் போகல மேடம். அவங்களுக்கு மட்டும் இல்ல, நிறைய பேருக்குப் போகல."

பெட்டி கீச்சென்றது.

குரு லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"அப்பாடா," என்றார். "காலையிலேருந்து அதைத்தாண்ணே கேட்டுக்கிட்டு இருக்கேன்."