விடியலில் வந்தவர் பெயர்

சூரியனுக்கு ஒரு கிழமை, சந்திரனுக்கு ஒரு கிழமை இருக்கும்போது தமக்கு மட்டும் ஏன் இல்லை என்று செங்காட்டுப் பாளையக்காரருக்கு ஒரு மத்தியானம் தோன்றிவிட்டது. அவர் படுக்கையை விட்டு எழுவதே மத்தியானம்தான்.

அரண்மனையில் மணியடிக்கும் வடிவைக் கூப்பிட்டார். தினமும் விடிந்ததும் மணியடித்து, இன்றைக்கு இன்ன கிழமை என்று ஊருக்குச் சொல்வது அவள் வேலை.

"வர்ற ஞாயித்துக்கிழமை என் பேரைத்தான் சொல்லணும். இல்லேன்னா உனக்கு இங்கே வேலை இல்லை."

"சொல்லிடலாம் மகாராசா. ஆனா அதுக்கு ஒரு முறை இருக்கு. ஒரு நாளைக் கிரகங்கள் ஓரைக்கு ஒண்ணா, அதாவது மணிக்கு ஒண்ணா, மாத்தி மாத்திக் காவல் காக்குது. விடிஞ்சதும் முதல் ஓரைக் காவல் யாருதோ, அவங்க பேர்தான் அந்த நாளுக்கு. சூரியனுக்கு முந்தி நீங்க வந்து நின்னாப் போதும்."

"இவ்வளவுதானா?" என்றார் பாளையக்காரர்.

ஞாயிறு விடிந்தது. புதுப் பெயரைக் கேட்க ஊரே கூடியிருந்தது. அவருக்காகப் போட்ட பட்டு மெத்தை நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. வடிவு மணியடித்தாள்.

உச்சி வெயிலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார் பாளையக்காரர். "என் பேரைச் சொன்னியா?"

"நீங்க வரலையே மகாராசா. அவர் வழக்கம்போல வந்துட்டார்" என்று வடிவு வானத்தைக் காட்டினாள். "அதனால அவர் பேரையே சொல்லிட்டேன். இன்னும் ஆறு கிழமை இருக்கு. எது வேணும்னாலும் விடியக்காலையிலே வாங்க."

செங்காட்டில் ஏழு கிழமைகளும் இன்றைக்கும் பழைய பெயரிலேயே இருக்கின்றன.