தூதர் சொன்ன பெயர்

கீழ்க்கரை நாட்டின் தூதர் சேந்தனுக்கு அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருடமாக அரசர்களின் ஓலைகளைச் சுமந்து அலைந்தவர். ஆற்றைக் கடக்க வேண்டிய ஒவ்வொரு பயணத்திலும் கரையை ஒட்டிய குன்றில் ஏறி, அங்கே துறவிகள் தங்கும் பள்ளியின் தலைவி பூதியடிகளைப் பார்த்துவிட்டுத்தான் படகு ஏறுவார். அடிகள் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் தன் மனைவி இறந்த வருடம் அவரிடம்தான் சேந்தன் சீடராகச் சேர்ந்தார்.

இந்த முறை குன்றில் ஏற அவருக்குக் கால் வரவில்லை.

எதிரே இருந்த மேல்கரை நாட்டில் மூன்று வருடங்களுக்கு முன்புவரை குடவோலை முறை இருந்தது. ஊருக்கு ஊர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுச் சபையைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு நாள் காலையில் படைத்தலைவன் மாகண்டன் சபை மண்டபத்துக்குள் குதிரையோடு நுழைந்தான். அதற்குப் பிறகு யாரும் குடம் வைக்கவில்லை. பெண்பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்ற இடங்களைப் பூட்டினார்கள். ஏன் என்று கேட்டவர்கள் சந்தைக்குப் போனார்கள், வீடு திரும்பவில்லை.

சுற்றியிருந்த அரசர்கள் அவனை மன்னன் என்று ஏற்க மறுத்தார்கள். முதல் வருடம் எல்லோருக்கும் கோபம் இருந்தது. இரண்டாம் வருடம் ஒருவருக்குச் செம்பு தேவைப்பட்டது. மூன்றாம் வருடம் இன்னொருவருக்குக் குதிரைகள் போக வழி தேவைப்பட்டது. கடைசியில் சேந்தனின் அரசரும் ஓலையில் முத்திரை வைத்துவிட்டார். 'மேல்கரை நாட்டு மன்னர் மாகண்டருக்கு' என்று தொடங்கும் ஓலை. அதையும் ஒரு பட்டாடையையும் பெட்டியில் வைத்து, நான்கு காவலர்களோடு தூதரை அனுப்பியிருந்தார். மறுநாள் அக்கரையில் ஓலையைக் கொடுக்கும் விழா.

அடிகள் குன்றில் இல்லை. ஆற்று மணலில் இருப்பதாக அடிவாரத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

மணலில் ஈரப்பாயால் மூடிய ஒரு உடல் கிடந்தது. பக்கத்தில் அடிகளும் இரண்டு துறவிப் பெண்களும் நின்றிருந்தார்கள். படகோட்டிகள் சற்றுத் தள்ளி, பார்க்காததுபோல் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நேற்றுக் காலையில் மேல்கரையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து போட்ட உடல் அது. இந்த வருடத்தில் பதினொன்றாவது.

பள்ளியில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பகல், ஒரு இரவு காத்திருப்பார்கள். வழிப்போக்கர் ஒவ்வொருவரையும் கேட்பார்கள். யாராவது பெயர் சொன்னால் படகோட்டி மூலம் வீட்டுக்குச் செய்தி போகும். சொல்லாவிட்டால் பெயரில்லாமல் புதைத்துவிடுவார்கள். முந்தைய பத்துப் பேரில் ஒருவருக்கும் பெயர் கிடைக்கவில்லை. பெயர் சொன்னவர் யார் என்று அக்கரையில் விசாரிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அடிகள் பாயை விலக்கினார்.

"இவரைத் தெரியுமா?"

சேந்தன் குனிந்து பார்த்தார். ஆறு ஊறவைத்த முகம். ஆனாலும் இடது காது மடலில் இருந்த பிளவு மாறவில்லை. மேல்கரைச் சபையின் எழுத்தர் காரிநம்பி. எல்லை உடன்படிக்கை எழுதிய சமயம் நாற்பது நாள் ஒரே கூடத்தில் இருந்தவர்கள் அவர்கள். சேந்தனுக்குக் காய்ச்சல் கண்ட வாரம் தன் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து, அவர் குடித்து முடிக்கும்வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவர்.

பின்னால் காவலர் தலைவன் நின்றான். முகத்தில் எதையும் காட்டாமல் இருந்து பழகியவர் சேந்தன்.

"தெரியவில்லை" என்றார்.

அடிகள் தலையசைத்தார். பெண்கள் மண்வெட்டியை எடுத்துக் குழி தோண்டத் தொடங்கினார்கள்.

சேந்தன் மணலில் உட்கார்ந்தார். தான் போகிற காரியத்தைச் சொன்னார். அரசவையில் பேசிப் பேசித் தேய்ந்த வார்த்தைகள்தான் வந்தன. ஏற்பது என்றால் மெச்சுவது இல்லை, நாட்டை ஆள்கிறவன் அவன்தான் என்ற நடப்பை ஒப்புக்கொள்வது மட்டுமே என்றார். அக்கரையில் மழை பொய்த்து இரண்டு வருடம் ஆகிறது, சுங்கச்சாவடி திறந்தால் நெல் போகும், குழந்தைகள் பிழைக்கும் என்றார்.

அடிகள் முழுவதும் கேட்டார்.

"இருக்கிறவனை இருக்கிறான் என்று சொல்ல இத்தனை பேர் வேண்டுமா, சேந்தரே?"

"அவன் கேட்கிறான், அம்மா. மாதம் தவறாமல் தூது அனுப்பிக் கேட்கிறான்."

"வாள் இருக்கிறது. கோட்டை இருக்கிறது. எதற்காகக் கேட்கிறான்?"

சேந்தன் யோசித்தார். பல அரசர்களை அருகிலிருந்து பார்த்தவர் அவர்.

"அது இல்லாமல் அவனுக்கே நம்பிக்கை வரவில்லை."

"அப்படியானால் நீங்கள் கொண்டுபோவது பெரிய பொருள்."

"நெல், அம்மா?"

அடிகளின் கண்களும் களைத்திருந்தன. பசித்த குழந்தையின் முன்னால் நின்று வேண்டாம் என்று சொல்லத் தனக்கு வாய் வராது என்றார். அந்த நெல் யாருடைய களஞ்சியத்துக்குப் போகும் என்பதும் தனக்குத் தெரியாது என்றார்.

சேந்தனுக்கு அது ஆறுதலாக இல்லை. தவறு என்று சொல்லியிருந்தால்கூட வாதாடியிருப்பார்.

குழி தயாரானது. பெண்கள் உடலைத் தூக்கி விளிம்பில் கிடத்தினார்கள். இளையவள் இறந்தவரின் கைகளைச் சேர்த்து நெஞ்சில் வைக்கும்போது, விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"இங்கே காய்த்திருக்கிறது" என்றாள் மற்றவளிடம். "உழவராக இருப்பார், பாவம்."

"உழவர் இல்லை" என்றார் சேந்தன்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே தெரிந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த கைகளும் நின்றன.

சேந்தன் மெதுவாக எழுந்தார்.

"அது எழுத்தாணி பிடித்த காய்ப்பு. இவர் பெயர் காரிநம்பி. மேல்கரைச் சபையின் எழுத்தர். வீடு புன்னைத்துறையில், கோயிலுக்கு வடக்கே. மனைவி பெயர் ஐயை. இரண்டு பெண்கள்."

காவலர் தலைவன் அருகில் வந்து தாழ்ந்த குரலில் பேசினான். இந்தப் பேச்சு அக்கரையை எட்டினால் நாளை விழாவில் தூதரை வாசலோடு நிறுத்திவிடுவார்கள், உள்ளே விட்டாலும் வெளியே விடுவார்களா என்பது நிச்சயமில்லை என்றான். நம் அரசரும் பொறுக்கமாட்டார் என்றான். அவன் மிரட்டவில்லை. உண்மையிலேயே அவருக்காகக் கவலைப்பட்டான். சேந்தன் தனக்கு அது தெரியும் என்றார்.

படகோட்டிகளில் மூத்தவர் எழுந்து வந்தார்.

"அந்த அம்மாகிட்ட நான் போய்ச் சொல்லிடுறேன், ஐயா. ஆனா சொன்னது யாருன்னு துறையிலே கேட்பாங்க. என்ன சொல்லட்டும்?"

சேந்தன் ஆற்றைப் பார்த்தார். பிறகு படகோட்டியைப் பார்த்தார்.

"கீழ்க்கரை நாட்டின் தூதர் சேந்தன் என்று சொல்லுங்கள். கூட இருந்து பழகியவன் என்றும் சொல்லுங்கள்."

படகு போயிற்று. பெண்கள் குழியை மூடவில்லை. ஐயை வரக்கூடும் என்று பாயை மறுபடி நனைத்துப் போர்த்தினார்கள். சேந்தன் பாயின் ஒரு ஓரத்தைப் பிடித்துச் சரிசெய்தார். அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

காவலர்கள் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். போவதா, திரும்புவதா என்று அவர்களுக்குப் புரியவில்லை.

"அம்மா, அந்த ஓலையை இனி நான் என்ன செய்வது?"

அடிகள் கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார்.

"அதைக் கொண்டுபோக அரசருக்கு வேறு ஆட்கள் கிடைப்பார்கள், சேந்தரே. நேற்றிலிருந்து இவர் பெயரைச் சொல்லத்தான் ஒருவரும் கிடைக்கவில்லை."