வாய்க்கால் வற்றுமுன் ஒரு மகள்

ஏரிக்கு அருகே ஒரு குட்டை. அதில் மிதந்த அத்தி இலையில் இரண்டு பாக்டீரியாக்கள் குடியிருந்தன. ஒருத்தி ஊன்றி. பக்கத்து வீட்டுக்காரி பதறி. இருவருக்கும் இலையில் ஒட்டிக்கொள்ளக் காம்பு உண்டு, நீந்த வால் கிடையாது. உடல் நீண்டு இரண்டாகப் பிரிந்தால் காம்புள்ள பாதி தாய், வாலுள்ள பாதி மகள். தாய் அங்கேயே இருப்பாள். மகள் நீந்திப் போய் வேறிடம் பார்ப்பாள். அதுதான் அவர்கள் குல வழக்கம்.

ஒரு நாள் காலையில் கரையிலிருந்த தவளை கத்தியது.

"ஏய், இலைக்காரங்களே! ஏரிக்குப் போற வாய்க்கால் வத்துது! பொழுது சாயறதுக்குள்ள அடைச்சுக்கும். அப்புறம் இந்தக் குட்டையும் காஞ்சிடும்!"

கத்திவிட்டுத் தாவிப் போய்விட்டது. அதற்கென்ன, கால் இருக்கிறது!

ஊன்றி தன் காம்பைப் பார்த்தாள். அவள் பிழைக்க வழியில்லை. ஒரு மகள் ஏரி போய்ச் சேர்ந்தால் குலமாவது பிழைக்கும்.

மகளைப் பெறுவது லேசான காரியமா? அவர்கள் வயிற்றில் வளையமாக ஒரு நூல் இருந்தது. உண்ணவும் நீந்தவும் வேண்டிய பாடமெல்லாம் அதில்தான் இருந்தது. அதைப் பிரதி எடுத்து மகளுக்குக் கொடுக்க வேண்டும். நினைத்த இடத்தில் தொடங்கவும் முடியாது. வளையத்தில் பிரதி தொடங்கும் இடம் ஒன்றே ஒன்றுதான், அதற்குத் தலைப்பு என்று பெயர். நூலின் முறுக்கை அவிழ்க்க உடலுக்குள்ளேயே இருக்கும் ஆட்கள் அங்கே போதுமான அளவு கூடினால்தான் நூல் திறக்கும்.

"எனக்கு நேரமில்ல, இருக்கிற நாலு பேரை வச்சே பிரிக்கிறேன்!" என்றாள் பதறி.

"ஊர் கூடித்தான்டி தேர் இழுக்கணும்!" என்றாள் ஊன்றி.

பதறி கேட்கவில்லை. முறுக்கு கொஞ்சம் அவிழ்ந்தது, உடனே மூடிக்கொண்டது. மறுபடி இழுத்தாள், மறுபடி மூடிக்கொண்டது. கடைசியில் அவளும் ஆள் சேர்க்க வேண்டியதாயிற்று. அதற்குள் ஊன்றியின் நூல் திறந்துவிட்டது.

"ஒரு குழு இடப்பக்கம் போங்க, ஒரு குழு வலப்பக்கம் போங்க! ஓர் எழுத்துகூட விடாம பிரதி எடுங்க!" என்றாள் ஊன்றி. "புதுத் தலைப்பை இப்பவே உடம்போட அந்தக் கோடிக்கு இழுத்துக் கட்டுங்க. அது மகளோட பக்கம்!"

வெயில் ஏறியது. பதறி இருப்புக்கொள்ளாமல் தவித்தாள்.

"உச்சி சாஞ்சாச்சு! நான் நடுச்சுவரை மூடி மகளைப் பிரிக்கப்போறேன்!"

"வேண்டாம்டி! நூல் இன்னும் நடுவுல கிடக்கு. அறுந்துடும்!"

"கொஞ்சம்தானே மிச்சம்! வால் முளைச்சாச்சு, அவ நீந்திடுவா!"

சுவர் மூடியது. நூல் அறுந்தது. பதறியின் மகள் வாலை ஆட்டிக்கொண்டு துள்ளிப் போனாள். பாதி வழியில் அவள் வால் நின்றது. உணவைச் சக்தியாக்கும் பாடம் அறுந்த துண்டில் போயிருந்தது. அறுந்த நூலோடு தாயும் சுருங்கினாள். பாவம், அவளும் மகள் பிழைக்கத்தானே அவ்வளவு பாடுபட்டாள்!

ஊன்றியின் ஆட்கள் பயந்துபோனார்கள்.

"அம்மா, வாய்க்கால்ல ஓர் ஈரக்கோடுதான் மிச்சம்! நாமளும் மூடிடலாமா?"

"நடுவுல ஓர் இழை கிடக்கிற வரைக்கும் மூடக்கூடாது! பாதி மகளை அனுப்பி என்ன பிரயோசனம்? இழுங்க!"

இரண்டு குழுக்களும் வளையத்தைச் சுற்றி வந்து தலைப்புக்கு நேர் எதிரே சந்தித்தன. அப்போதும் வேலை முடியவில்லை. பழைய வளையமும் புது வளையமும் சங்கிலிக் கண்ணிபோல் கோத்துக் கிடந்தன. ஒன்றை வெட்டிக் கழற்றி, வெட்டிய இடத்தைத் திரும்ப ஒட்டினார்கள். இரண்டும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கின. நடுவே ஓர் இழைகூட இல்லை.

"இப்ப மூடுங்க!"

சுவர் எழுந்தது. மகள் பிரிந்தாள்.

"போ கண்ணு, திரும்பிப் பாக்காதே!" என்று தாய் கத்தினாள்.

மகள் அந்த ஈரக்கோட்டில் நுழைந்து ஏரியில் விழுந்தாள். அவளுக்குப் பின்னால் வாய்க்கால் அடைத்துக்கொண்டது. இலை காயத் தொடங்கியபோது ஊன்றி அழவில்லை. கொடுக்க வேண்டியதில் ஒன்றுகூட அவளிடம் பாக்கி இல்லை.

வேலை முடியுமுன் முடிந்ததாகக் கதவைச் சாத்துகிறவன், அதுவரை பட்ட பாட்டையும் சேர்த்தே அறுத்துக்கொள்கிறான்.