திரும்பத் தெரியாதது

சீன தேசத்தில் ஒரு ராஜா இருந்தான். பேர் எதற்கு, தலை வாங்குகிற ராஜா என்றால் போதும். அந்த நாட்டில் தீமைக்குக் கொம்பும் வாலும் கிடையாது. கெட்ட காற்று மாதிரி வாசல் வழியே நேராக நுழையும், வளைந்து திரும்ப அதற்குத் தெரியாது என்று நம்பினார்கள். அதனால் வாசலுக்கு உட்புறம் குறுக்கே ஒரு மறைப்புச் சுவர் எழுப்புவார்கள். மனிதர்கள் அதைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். தீமை முட்டிக்கொண்டு நிற்கும்.

அரண்மனையிலும் அப்படியொரு சுவர் இருந்தது. இருந்தும் இளவரசன் காய்ச்சலில் செத்துப்போனான். பாவம், ஐந்து வயதுப் பிள்ளை. தீமை எங்கே, தீமை எங்கே என்று தேடிய ராஜா, வைத்தியர், செவிலித்தாய் என்று ஆறு பேரைக் கொன்றான். ஏழாவதாகச் சுவர் கட்டிய கொத்தனார் லூ யோங்கை இழுத்து வந்தார்கள். சுவர் நாலு விரல் குட்டை என்று பழி போட்டவன் மந்திரி கௌ ஷென்.

லூ யோங், அரண்மனை விகடன் மௌ பின்னுக்குப் பால்ய சிநேகிதன். "அளவு குடுத்ததே மந்திரிதானுங்க" என்று அவன் அழுதபோது மௌ பின் ஓரடி முன்னே வந்துவிட்டான்.

"விகடர் சிநேகிதனுக்காகத் தவிக்கிறார்" என்றான் கௌ ஷென். அவனுக்கு மௌ பின் மேல் வெகுநாள் பொறாமை. "அப்படியானால் தீமை எங்கே என்று அவரே காட்டட்டும். இல்லையேல் இரண்டு தலைகளும் விழட்டும், மகாராஜா."

"காட்டு" என்றான் ராஜா.

மௌ பின் குனிந்து வணங்கினான். "மகாராஜா, தீமைக்குத் திரும்பத் தெரியாதென்றால், உள்ளே இருப்பது வெளியேயும் போக முடியாது. அனைவரும் சுவரைச் சுற்றி வெளியே போகும்படி ஆணையிடுங்கள். எது உள்ளேயே தங்கிவிடுகிறதோ, அதுதான்."

ராஜா ஆணையிட்டான். அடேயப்பா, என்ன தள்ளுமுள்ளு! கௌ ஷென் ஒரு செருப்பை விட்டுவிட்டே ஓடினான். விலங்கோடு லூ யோங்கும் நடந்தான். கடைசியாக மௌ பின் வெளியே வந்து கூவினான்.

"மகாராஜா, நாங்கள் எல்லோரும் வந்துவிட்டோம்."

சுவருக்கு அந்தப் பக்கம் ராஜா மட்டும்தான் மிச்சம். யாருக்கும் அங்கே எட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பிறகு காலடி கேட்டது. ராஜா சுவரைச் சுற்றி வந்தான், முகமெல்லாம் கண்ணீர். "நானும் திரும்பிவிட்டேன், மௌ பின்" என்று சிரித்தான். கேட்கச் சகிக்காத சிரிப்பு. லூ யோங்கின் விலங்கை அவிழ்க்கச் சொன்னான். தன் பட்டு அங்கியைக் கழற்றி விகடனின் தோளில் போர்த்தினான்.

"இவ்வளவு தெரிந்த நீ, அந்த ஆறு பேர் சாகுமுன் ஏன் வாயைத் திறக்கவில்லை?"

"அந்த ஆறு பேரில் யாரும் எனக்குச் சிநேகிதர் இல்லை, மகாராஜா" என்றான் மௌ பின், தலை நிமிராமலே.