மூன்று பூஜ்யங்கள்

மெட்டில்டா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தாள். கையிலிருந்த அறிக்கையைப் பேராசிரியர் அருமைநாயகத்தின் மேஜையில் பொத்தென்று போட்டாள்.

"இது என்ன சார், நடுவுல ஒரு வார்த்தை?"

'கப்பலோடு வெளிக்கடலிலிருந்து வந்த உயிரி' என்று அவள் எழுதியிருந்தாள். அதற்கு முன்னால் அவர் பென்சிலால் 'ஒருவேளை' என்று சேர்த்திருந்தார்.

ஒருவேளையாம், ஒருவேளை! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்திவிட்டு, நாற்பத்து நாலு வயதில் இவரிடம் மாணவியாகச் சேர்ந்தவள் அவள். சேர்ந்ததே இந்தச் சனியனுக்காகத்தான். பார்த்தால் பாசி மாதிரி இருக்கும், பாசி இல்லை. ஹைட்ராய்டு என்கிற கடல் பிராணி, பட்டால் கொட்டும். தூத்துக்குடியில் சங்கு குளிக்கிற அவள் தம்பி கஸ்பாருக்கு இரண்டு கையிலும் கொப்புளம். அவன் தன் கையால் சோறு பிசைந்து தின்று மூன்று மாதம் ஆகிறது.

நாளைக் காலையில் கலெக்டர் ஆபீசில் கூட்டம். அடிப்பாகத்தில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிச் சுத்தம் பண்ணாத கப்பலை உள்ளே விடக்கூடாது என்று கேட்கச் சங்கு குளிக்கிறவர்கள் அத்தனை பேரும் வருகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது அவளுடைய அறிக்கை ஒன்றுதான்.

"அந்தப் பிராணிக்கு நான் போட்ட பேர் தப்பா சார்?"

"பேர் சரி டீச்சர். காய் மாதிரி இருக்கிற அதோட குஞ்சுப்பையை அவ்வளவு சுத்தமா வரைஞ்சிருக்கீங்க. நூத்துக்கு நூறு."

"பின்னே?"

"அதோட ஊர்தான் தெரியல."

"ஏன் தெரியல? இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தி நீங்களே கணக்கெடுத்தீங்க. தம்பி குளிக்கிற அந்தச் சங்குத்திட்டுல மூணு இடத்துலயும் இது இல்ல. இன்னைக்கு மூணுலயும் இருக்கு. நடுவுல வந்தது கப்பல்தானே? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகூடச் சொல்லுமே!"

அவர் அலமாரிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"கப்பல்காரன் வக்கீல் சிரிப்பான் சார். எங்க ஆளுங்க கொப்புளமும் ஒருவேளையா? யாருக்குப் பயப்படுறீங்க நீங்க?"

"கொப்புளத்துக்கு நான் ஒருவேளை போடல," என்றார் அவர். "நீங்க சேர்ந்த முதல் வாரம் உங்களைத் திட்டினேனே, ஞாபகம் இருக்கா?"

மறக்குமா? தேடியும் கிடைக்காத இடத்துக்குப் பூஜ்யம், தேடவே போகாத இடத்துக்குக் கோடு. அவர் சொல்லித்தந்த முதல் பாடம் அது. படகு போகாத ஓர் இடத்துக்கு அவள் கைமறதியாகப் பூஜ்யம் போட்டுவிட்டாள். அதற்காக, படகில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்த அவளை மறுநாளே திரும்பக் கடலுக்கு அனுப்பினார் மனிதர்.

"இருக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அவர் அலமாரியைத் திறந்து ஒரு பழைய நோட்டை எடுத்து நீட்டினார். அந்தக் கணக்கெடுப்புக்காகப் படகில் உட்கார்ந்து எழுதிய நோட்டு.

"வாசிக்க வேண்டாம். சும்மா தடவிப் பாருங்க."

புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் உப்புத்தண்ணீர் பட்டு, பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. படகு ஆட்டத்தில் எழுத்தெல்லாம் கோணிக் கிடந்தது. சங்குத்திட்டின் பக்கம் வந்தது. மூன்று இடம், மூன்று பூஜ்யம். தாள் வழவழவென்று இருந்தது. எழுத்து முத்து முத்தாக இருந்தது.

அவள் விரல் நின்றுவிட்டது.

"இது கடல்ல எழுதினது இல்லையே சார்."

"இல்ல."

"எங்க வச்சு எழுதினீங்க?"

"இந்த மேஜைல வச்சு. கச்சான் காத்து, நாலு நாளாப் படகு இறங்கல. அறிக்கை அனுப்பக் கடைசி நாள். கோடு போட்டா ஏன் போகலன்னு கேப்பாங்க. பூஜ்யம் போட்டா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. இந்த நிமிஷம் வரைக்கும் கேக்கல."

"அடப்பாவி மனுஷா!"

குரு என்றும் பார்க்காமல் வாய் சொல்லிவிட்டது. சொன்னதற்கு அவள் வருத்தப்படவும் இல்லை.

"ஒரே ஒரு பூஜ்யத்துக்கு என்னை நடுக்கடல்ல சாகடிச்சீங்க! நீங்க மூணு முட்டையைப் போட்டுட்டு ஃபேனுக்கடியில உக்காந்திருக்கீங்க! எங்க ஆளுங்க அத்தனை பேரும் அந்த மூணு முட்டை மேலதான் சார் நிக்கிறாங்க!"

"ஆமா."

"அப்போ இது அங்க முன்னமே இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம். கப்பல்ல வந்திருக்கவும் செய்யலாம். பார்க்க வேண்டியவன் பார்க்கல."

மெட்டில்டா நாற்காலியில் உட்கார்ந்தாள். கஸ்பாரின் கை கண்முன் வந்து நின்றது. நோட்டு விஷயம் தெரிந்தது இரண்டே பேருக்கு.

அவர் அறிக்கையை அவள் பக்கம் தள்ளினார். கூடவே ஒரு ரப்பரையும் வைத்தார்.

"பென்சில்தான் டீச்சர். அழிச்சா தடம் தெரியாது."

ரப்பரைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்து, அந்தப் பென்சில் 'ஒருவேளை'யின் மேலேயே அதே வார்த்தையை அழுத்தி எழுதினாள். தாள் கிழியாதது ஆச்சரியம்.

"நாளைக்கு அந்த வக்கீல் எழுந்து, 'ஏன் ஒருவேளை'ன்னு கேப்பானே. அத்தனை பேர் முன்னால நான் திருதிருன்னு முழிக்கவா?"

"நீங்க உக்காந்துக்கோங்க டீச்சர்," என்றார் அருமைநாயகம். "அந்தக் கேள்விக்கு இந்த நோட்டோட நான் எந்திரிக்கிறேன்."